விலங்குகளுக்காக ஒரு நடை: உறுதித்தொகை திரட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றுக்காக நடைப்பயணம் அறிவிக்கிறார்கள். ஆசையாகப் பெயர் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் கையில் ஒரு படிவம் வருகிறது: பெயர், தொகை, கையொப்பம். நடப்பதற்குக் கால் தயாராக இருந்தாலும், அந்த வெற்றுக் கட்டங்களைப் பார்த்தவுடன் மலைப்பாகிவிடுகிறது. இப்படிப்பட்ட நடைகளில் பல வருடங்களாகக் கலந்துகொள்கிறேன். புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், எனக்குப் பலன் தந்த வழிகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

உறுதித்தொகை என்றால் என்ன? நேரடியாக நன்கொடை கேட்டால் ஆகாதா?

"நீ நடந்து முடி, நான் இவ்வளவு தருகிறேன்" என்று ஒருவர் முன்கூட்டியே தரும் வாக்குதான் உறுதித்தொகை. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சிலர் எழுதுவார்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்பவர்களும் உண்டு.

நேரடியாக நன்கொடை கேட்பதில் தவறே இல்லை. ஆனால் நடைக்கு ஒரு தனி வலு இருக்கிறது. நீங்களும் உங்கள் நேரத்தையும் உடல் உழைப்பையும் கொடுக்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. இது புதிய வழியும் இல்லை. 1953இலேயே புவேர்ட்டோ ரிக்கோவின் நகைச்சுவை நடிகர் ரமோன் ரிவேரோ, புற்றுநோய் ஒழிப்பு நிதிக்காக ஏறத்தாழ 80 மைல் தூரம் நடந்து பணம் திரட்டினார். ஒருவர் நடக்கிறார் என்றால் பார்ப்பவர்கள் நின்று காரணம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நம் வேலையில் பாதி முடிந்தது.

பணம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. படிவத்தைப் பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சுற்றினேன். கடைசியில் நடைக்கு முந்தைய நாள் வீட்டில் இருந்தவர்களிடம் மட்டும் கையொப்பம் வாங்கினேன்.

அடுத்த வருடம் காப்பகத்துக்கு நேரில் போனேன். காதில் புண்ணோடு ஒரு பெண் நாய், கூண்டின் மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தது. யார் வந்தாலும் அது திரும்பாது என்றார்கள். அரை மணி நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது ஒரே ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்தது. அன்று மாலையிலிருந்து எனக்குக் கேட்பதில் கூச்சம் வரவில்லை. அதற்கு முன்னால் "எனக்குக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்பதுபோல உணர்ந்துகொண்டிருந்தேன். அதன் பிறகு அந்த நாய்க்காகப் பேசினேன். அதற்கு வாய் இல்லை, எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் என் பதில் இதுதான்: கேட்கப் போகுமுன் ஒரு முறை காப்பகத்துக்குப் போய் வாருங்கள். ஒரு விலங்கையாவது பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். பேச்சு தானாக வரும்.

இன்னொன்று. "முடியாது" என்பவர் உங்களை மறுக்கவில்லை. அந்த மாதம் அவர் வீட்டில் என்ன செலவோ நமக்குத் தெரியாது. "பரவாயில்லை, நடை அன்று என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அப்படி மறுத்தவர்களில் சிலர் அடுத்த வருடம் தாங்களாகவே கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் யாரிடம் கேட்பது?

முதல் வரியில் உங்கள் பெயரையே எழுதுங்கள். உங்களால் முடிந்த தொகை, சிறியதானாலும் சரி. நீங்களே கொடுக்காத ஒன்றை மற்றவரிடம் கேட்கும்போது குரலில் ஒரு தயக்கம் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கக்கூடிய நெருங்கியவரிடம் போங்கள். படிவமானாலும் இணையப் பக்கமானாலும், பின்னால் வருபவர் மேலே இருக்கும் தொகைகளைப் பார்த்துத்தான் தன் தொகையை முடிவு செய்வார். லண்டன் மாரத்தானில் ஓடியவர்களின் நிதிப் பக்கங்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோதும் இதையே கண்டார்கள்: பெரிய தொகை ஒன்று வந்த பிறகு வந்தவர்கள் முன்பைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள், சிறிய தொகை வந்த பிறகு வந்தவர்கள் குறைத்துக் கொடுத்தார்கள். ஆகவே வரிசை முக்கியம்.

அப்புறம் நாம் மறந்துபோகும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் செல்லப்பிராணிக்கு மருத்துவம் பார்ப்பவர், காலையில் நாயோடு நடக்கும்போது தினமும் எதிர்ப்படுபவர், வளர்க்க ஆசையிருந்தும் வீட்டுச் சூழலால் வளர்க்க முடியாதவர். இந்த மூன்றாம் வகையினர் எப்போதும் மனம் நிறைந்து கொடுப்பார்கள். ஒரு விலங்குக்கு ஏதாவது செய்ய அவர்களுக்கு ஒரு வழி வேண்டும், அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள்.

கிலோமீட்டர் கணக்கில் வாங்குவதா, மொத்தத் தொகையாகவா?

இரண்டும் சரி. கிலோமீட்டர் கணக்கில் எழுதினால் மட்டும் மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுங்கள். கிலோமீட்டருக்கு 5 என்று எழுதியவர், 10 கிலோமீட்டர் முடிந்ததும் 50 கேட்டால் திகைப்பார். "ஐந்துதானே சொன்னேன்" என்பார். அவர் மேல் தவறில்லை, நாம் சொல்லவில்லை.

எல்லோரும் கேட்பதுபோல இல்லாமல், கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்க என்ன வழி?

முதலில் ஒரு உதாரணம். 2020இல் பிரிட்டனில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ வீரர், தன் 100ஆவது பிறந்தநாளுக்குள் தன் வீட்டுத் தோட்டத்தில் 100 சுற்று நடப்பதாக அறிவித்தார். நடப்பதற்கு உதவும் உலோகச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். 1,000 பவுண்டு கிடைத்தால் போதும் என்று தொடங்கினார். பிறந்தநாளுக்குள் 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தூரம் என்று பார்த்தால் அது பெரிதில்லை. அந்த 100 என்ற எண்ணில் ஒரு மனிதரின் வயது இருந்தது, கேட்டவுடன் புரிந்தது, இன்னொருவருக்குச் சொல்ல எளிதாக இருந்தது. நம் நடைக்கும் அப்படி ஓர் எண் வேண்டும்.

காப்பகத்தில் நெடுநாளாக யாரும் தத்தெடுக்காமல் இருக்கும் ஒரு விலங்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது 11 மாதமாகக் காத்திருக்கிறதா? "அது காத்திருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கிலோமீட்டர் நடக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஏன் 11 என்று கேட்பார்கள், நீங்கள் அந்த விலங்கைப் பற்றிப் பேசலாம். சில சமயம் பணம் மட்டுமில்லாமல் அதற்கு ஒரு வீடும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

கிலோமீட்டர்களைப் பெயர் போட்டுக் கொடுப்பது இன்னொரு வழி. எட்டு கிலோமீட்டர் நடை என்றால் எட்டுக் குடும்பங்கள், ஆளுக்கு ஒன்று. மூன்றாவது கிலோமீட்டர் யாருடையதோ, அங்கே போய் நின்று ஒரு படம் எடுத்து உடனே அனுப்புங்கள்: "உங்கள் கிலோமீட்டரில் நடந்துகொண்டிருக்கிறேன்." அவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே நடையில் கலந்துகொண்டுவிடுகிறார்கள். இதற்குச் செலவே இல்லை. நான் செய்து பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

மற்றொன்று, முதுகுப்பை. வெறும் பையோடு தொடங்குங்கள். வரும் ஒவ்வொரு உறுதித்தொகைக்கும் காப்பகத்துக்குத் தேவையான தீவனத்தில் 100 கிராம் அந்தப் பைக்குள் சேரும் என்று அறிவியுங்கள். நடை அன்று அதைச் சுமந்துகொண்டு நடந்து, முடிவில் காப்பகத்தாரிடம் இறக்கி வைக்கிறீர்கள். 40 பேர் கொடுத்தால் 4 கிலோ. பை கனக்கக் கனக்கப் பார்ப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று தோன்றும். உங்கள் முதுகு எவ்வளவு தாங்கும் என்று முன்பே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதை நண்பர்கள் பங்கு போட்டுச் சுமக்கட்டும். எந்தத் தீவனம் வேண்டும் என்று காப்பகத்தில் கேட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் பல காப்பகங்கள் ஒரே வகைத் தீவனத்தைத் தொடர்ந்து கொடுக்கவே விரும்பும். திடீரென்று மாற்றினால் சில நாய்களுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

உங்களுக்கு ஏதாவது கைவேலை தெரியுமானால் அதையும் முன்வையுங்கள். வரையத் தெரிந்தவர் உறுதித்தொகை தருபவரின் நாயையோ பூனையையோ பென்சிலில் வரைந்து தரலாம். படம் எடுக்கத் தெரிந்தவர் படம் எடுத்துக் கொடுக்கலாம். எதுவும் தெரியாது என்கிறீர்களா? அவர்கள் வெளியூர் போகும்போது ஒரு நாள் அவர்கள் செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். விலங்கு வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சங்கிலி முறையும் நன்றாக வேலை செய்யும். 2014இல் தலையில் பனிநீர் ஊற்றிக்கொள்ளும் சவால் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு மட்டும் அதில் 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. வாளித் தண்ணீரைவிட, ஒவ்வொருவரும் மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைத்து 24 மணி நேரக் கெடு கொடுத்ததுதான் அதைப் பரப்பியது என்று நினைக்கிறேன். நம் நடையில் உறுதித்தொகை தந்தவரிடம், "உங்களைப் போலவே விலங்குப் பிரியர்கள் இரண்டு பேரின் பெயரைச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதாகவே கேட்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் எத்தனை அடி எடுத்து வைப்பேன் என்று ஊகிக்கும் போட்டி, சிறிய குழுக்களில் உற்சாகம் கிளப்பும். காசு வாங்கிக்கொண்டு குலுக்கல் நடத்துவதாக இருந்தால் மட்டும் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அதற்கு உரிமம் வேண்டும். பரிசாக உயிருள்ள விலங்கை வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிப் போன விலங்குதான் சில மாதம் கழித்து ஏதோ ஒரு காப்பக வாசலில் நிற்கும்.

இறந்துபோன செல்லப்பிராணியின் நினைவாகக் கொடுக்கச் சொல்லலாமா? மனம் புண்படாதா?

கேட்கும் விதத்தில் இருக்கிறது. என் அனுபவத்தில் இதைப்போல மனதைத் தொடும் வழி வேறு இல்லை. பூனையோ நாயோ இறந்துவிட்டால் அந்தத் துக்கத்தைச் சொல்லி அழ இடம் இருக்காது. "ஒரு நாய்தானே" என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

நான் செய்வது இது. ஒரு நீளமான துணிப்பட்டையை என் பையில் கட்டிக்கொள்கிறேன். "உங்களோடு வாழ்ந்து போன விலங்கின் பெயரைச் சொன்னால் இதில் எழுதிச் சுமந்து நடப்பேன்" என்று மட்டும் சொல்கிறேன். பெயர் எழுதத் தொகை எதுவும் நிர்ணயிப்பதில்லை. கொடுக்காவிட்டாலும் பெயரை எழுதிக்கொள்வேன். வயதான ஒருவர் ஐம்பது வருடத்துக்கு முன்னால் தன் சிறு வயதில் வளர்த்த கன்றுக்குட்டியின் பெயரைச் சொன்னார். அதை எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சமீபத்தில் இழந்தவர்களிடம் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள். பொதுவில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், அவர்களே வருவார்கள்.

சமூக ஊடகத்தில் என்ன எழுதலாம்? எழுதியும் யாரும் கண்டுகொள்வதில்லையே.

"ஆயிரக்கணக்கான விலங்குகள் துன்பப்படுகின்றன" என்று எழுதினால் படிப்பவர் மனதில் எதுவும் நிற்காது. ஒரு விலங்கு, ஒரு பெயர், ஒரு நாள் நடந்தது, இவை போதும். பெரிய எண்ணிக்கையைவிடப் பெயர் தெரிந்த ஒரு தனி உயிருக்கு மனிதர்கள் தாராளமாகக் கொடுக்கிறார்கள் என்பது உளவியல் ஆய்வுகளிலும் தெரியவந்த விஷயம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "இவள் பெயர் மின்னி. ஒரு பின்னங்கால் இல்லை. தட்டு வைக்கும் சத்தம் கேட்டால் மூன்று காலில் எல்லோரையும் முந்திக்கொண்டு வருவாள். இவள் இருக்கும் காப்பகத்துக்காக ஞாயிற்றுக்கிழமை 6 கிலோமீட்டர் நடக்கிறேன். கிலோமீட்டருக்கு உங்களால் எவ்வளவு முடியும் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள்."

கடைசி வரி முக்கியம். என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாத பதிவுக்கு விருப்பக்குறி விழும், தொகை வராது. பொதுவில் எழுதிவிட்டு அத்தோடு நிற்கவும் வேண்டாம். பத்து பேருக்குப் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்பும் செய்தி, நூறு பேர் பார்க்கும் ஒரு பதிவைவிடக் கூடுதலாகக் கொண்டுவரும். ஒரே செய்தியை நகல் எடுத்து அனுப்பினால் அது தெரிந்துவிடும்.

ரத்தமும் புண்ணுமான படங்களைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்துவிடுகிறார். சிகிச்சைக்குப் பிறகு தேறி நிற்கும் படத்தைப் போட்டு, எப்படி வந்தது என்பதை எழுத்தில் சொல்லுங்கள். தாங்கள் கொடுப்பதால் ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு அந்தப் படத்திலிருந்துதான் கிடைக்கும்.

பிள்ளைகள் எப்படித் திரட்டலாம்?

பிள்ளைகள் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அதனாலேயே அவர்களைக் கருவியாக்கிவிடக் கூடாது. தெரிந்தவர்களிடம் மட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க, அவர்களே பேசட்டும். காப்பக விலங்கு ஒன்றைப் படமாக வரைந்து அதையே படிவமாக்குங்கள்: நாயின் உடம்பில் எத்தனை புள்ளியோ அத்தனை பேர், ஒவ்வொருவர் கொடுக்கும்போதும் ஒரு புள்ளிக்கு வண்ணம். முழு நாயும் வண்ணமாகும் வரை பிள்ளை ஓயாது.

நான் வேலை செய்யும் நிறுவனத்திடம் கேட்கலாமா?

கேளுங்கள். நேரடித் தொகையைவிட இணைத்தொகை கேட்பது நல்லது. அதாவது, ஊழியர்கள் தருவதற்குச் சமமாக நிறுவனமும் தர வேண்டும். "நீங்கள் தருவது இரட்டிப்பாகும்" என்று சொல்லும்போது தயங்குபவரும் முன்வருவார். 2007இல் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 50,000 பேருக்கும் மேல் கடிதம் அனுப்பிச் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். இணைத்தொகை உண்டு என்று சொன்னபோது கொடுத்தவர்களின் விகிதம் 22 சதவீதம் கூடியது. ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று கூட்டிச் சொன்னதால் மேற்கொண்டு பலன் எதுவும் வரவில்லை. எனவே நிறுவனத்திடம் பெரிதாகப் பேரம் பேச வேண்டியதில்லை, ஒன்றுக்கு ஒன்று போதும். உச்சவரம்பு எவ்வளவு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"மனிதர்களே கஷ்டப்படும்போது விலங்குகளுக்கு எதற்கு?" என்று கேட்டால்?

சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மனிதர்கள் மேல் அக்கறையோடு கேட்கிறார், அதை மதியுங்கள். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். மனிதர்களுக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் 99 சதவீதம் வரை நாய்களால் பரவுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அறிகுறி தென்பட்டுவிட்டால் அந்த நோயிலிருந்து பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் பரவல் அடங்கிவிடும். காப்பகம் ஒரு தெருநாய்க்குப் போடும் ஊசி அந்தத் தெருக் குழந்தைக்கும் காவல். இதைச் சொன்னதும் பேச்சின் போக்கே மாறிப் படிவத்தைக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. மாறாவிட்டாலும் சரி, நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

பணம் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"காப்பகத்துக்குப் போகும்" என்ற பதில் போதாது. நடைக்கு முன்பே காப்பகத்திடம் ஒரு சிறு பட்டியல் கேட்டு வாங்குங்கள்: ஒரு தடுப்பூசிக்கு எவ்வளவு, ஒரு கருத்தடைக்கு எவ்வளவு, ஒரு நாய்க்கு ஒரு வாரச் சாப்பாட்டுக்கு எவ்வளவு. பிறகு உங்கள் படிவத்தில் வெறும் எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள். "ஒரு ஊசி", "ஒரு வாரச் சாப்பாடு" என்று எழுதியிருந்தால், கையொப்பம் போடுபவர் தானே ஒரு படி மேலே போவார்.

கருத்தடை பற்றிக் கொஞ்சம் விளக்கிச் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது. பூனையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய ஒன்பது வாரம்தான். நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பூனைகள் உண்டு. ஒரு வருடத்தில் பல முறை குட்டி போட முடியும். இந்தக் கணக்கைச் சொன்னால் ஒரு அறுவை சிகிச்சைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று யாருக்கும் புரியும்.

என்னிடம் விலங்கு எதுவும் இல்லை. நடக்கலாமா?

தாராளமாக. நாயோடு நடப்பவர்கள் போலவே தனியாக நடப்பவர்களும் வருகிறார்கள்.

என் நாயையும் அழைத்துப் போனால் கூடுதலாகக் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அந்த நாய்க்கு அது இன்பமாக இருக்க வேண்டும். கூட்டத்தைக் கண்டு நடுங்கும் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு அதன் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு போங்கள். தடுப்பூசி முழுமையாகப் போடாத குட்டிகளும் வர வேண்டாம்.

வெயில்தான் பெரிய ஆபத்து. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது; நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சப்பை மூக்கு இனங்களான பக், புல்டாக் போன்றவற்றுக்கு அதுவும் சரியாக முடியாது. தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. அதிகாலை நடையாக வைக்கும்படி ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். வழியில் தண்ணீர் வேண்டும். மூச்சிரைப்பு அடங்காமல் எச்சில் கெட்டியாக வழிந்து தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக் காற்றுப்பட வைத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உறுதித்தொகை அதிகம் வரும் என்பதற்காக நாய்க்குச் சாயம் பூசுவது, இறுக்கமான உடை மாட்டுவது, அதன் முதுகில் பை ஏற்றுவது எதுவும் வேண்டாம். விலங்குகளுக்காக நடக்கும் நாளில் நம் கையால் ஒரு விலங்கு துன்பப்படக் கூடாது.

எந்தத் தேதியில் நடந்தால் ஆதரவு கூடும்?

அக்டோபர் 4 உலக விலங்குகள் தினம். ஹைன்ரிஷ் சிம்மர்மன் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1925இல் பெர்லினில் தொடங்கிய வழக்கம் இது. செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினம், அந்த நோய்க்குத் தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் மறைந்த நாள். இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி நடை இருந்தால் ஊடகங்களும் பள்ளிகளும் எளிதாகக் காது கொடுக்கும். தேதியைவிட அவகாசம் முக்கியம். நான்கு முதல் ஆறு வாரமாவது இல்லாவிட்டால் நல்ல யோசனையும் பாதியில் நின்றுவிடும்.

பெரிய தொகை தர யாருமே இல்லை. சின்னச் சின்னத் தொகைகளால் என்ன ஆகும்?

டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடிய இளைஞர், புற்றுநோயால் ஒரு காலை இழந்தவர். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள், 5,373 கிலோமீட்டர் ஓடினார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே ஒரு டாலர். நோய் திரும்பி வந்ததால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அப்போதைய கனடாவின் மக்கள்தொகை ஏறக்குறைய அதே அளவுதான். சிறிய தொகையாகக் கேட்கும்போது யாருக்கும் தாழ்வாகத் தோன்றாது, எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம். உங்கள் படிவத்தில் ஒரு பகுதியை அப்படிச் சின்னத் தொகைக்கென்றே ஒதுக்குங்கள்.

மழையோ காய்ச்சலோ வந்து நடக்க முடியாமல் போனால்?

உடனே சொல்லிவிடுங்கள். வேறொரு நாளில் அதே தூரத்தை நடந்து முடிப்பதாகச் சொன்னால் அநேகமாக எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பாதித் தூரம்தான் முடிந்தது என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

வாக்குக் கொடுத்தவர்கள் பணம் தரவில்லை. எப்படிக் கேட்பது?

பெரும்பாலும் மறதிதான் காரணம். நடை முடிந்த அன்று மாலையே கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் போனால் பாதி ஆறிவிடும், ஒரு மாதம் போனால் கேட்கவே நமக்குக் கஷ்டமாகிவிடும். முடிவுக்கோட்டில் எடுத்த படம், நடந்த தூரம், அவர் சொன்ன தொகை, பணம் செலுத்தும் வழி, இவை நான்கும் ஒரே செய்தியில் இருக்கட்டும். "நடந்துவிட்டேன்! நீங்கள் சொன்ன தொகையை இன்று அனுப்ப முடியுமா?" இவ்வளவு போதும்.

முடிந்தால் காப்பகத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். கையில் வாங்கினால் அந்த இடத்திலேயே ரசீது. பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதிலும் கடைசியாகத் திரட்டிய மொத்தத்தைச் சொல்லி "உங்களுடையதும் சேர்ந்தால் கணக்கை முடித்துவிடுவேன்" என்று எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். உறவு கெடக் கூடாது, அடுத்த வருடமும் நடை உண்டு.

நன்றி எப்படிச் சொல்வது?

இரண்டு தடவை. முதல் நன்றி பணம் வந்த அன்றே, பெயர் சொல்லி. இரண்டாவது, இரண்டு மூன்று மாதம் கழித்து, அந்தப் பணம் என்ன செய்தது என்று காப்பகத்தில் கேட்டறிந்து அனுப்பும் செய்தி. பலர் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த நாயைப் பற்றி அப்படித்தான் எழுதினேன். காது ஆறிவிட்டது, கருத்தடை முடிந்தது, இப்போது ஒரு வீட்டில் இருக்கிறது, வாசல் மணி அடித்தால் முதலில் ஓடி வருவது அதுதான் என்று ஒரு படத்தோடு எல்லோருக்கும் அனுப்பினேன். அன்று இரவு எனக்கு வந்த பதில்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: "அடுத்த நடை எப்போது?"